உப்புத் தண்ணீருக்கு ஒரு குழி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் லேபைச் சுற்றிப் பார்த்தேன். இந்தப் பக்கம் ரத்தத்தை வைத்தால் அந்தப் பக்கம் எண்ணாக வந்து விழுகிறது. நல்லா இருக்கட்டும். பொறாமையே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒரு வெள்ளைக் கோடு எழும்பி வருவதற்காக ஒரு நாள் முழுக்கக் காத்திருந்த சுகம் உங்களுக்குத் தெரியாது. அந்தக் கோடு என்னை ஏமாற்றிய கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கோடு ஏமாற்றியது என்று சொல்வது கூட ஒரு சாமர்த்தியம்தான். ஏமாந்தது நான்.

எண்பதுகளின் தொடக்கம். திருச்சியில் ஒரு சின்ன ஆராய்ச்சிக் கூடம். நான் பாலக்கரையிலிருந்து நடந்தே வேலைக்குப் போய்விடுவேன். அந்த வருஷங்களை நினைத்தாலே எனக்கு எல்லாம் கொஞ்சம் பால் கலந்த வெளிச்சத்தில்தான் தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே மார்கழி மூட்டம், உள்ளே கண்ணாடித் தட்டுகள், பின்கட்டில் முயல்கள் மூச்சு விடுகிற சத்தம். நடந்ததா, தூக்கத்தில் கண்டதா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

எங்கள் வேலை இதுதான். கொழுப்பு தண்ணீரில் கரையாது, ரத்தமோ தண்ணீர் மாதிரி. அதனால் கொலஸ்ட்ராலைப் பிடித்துச் சுமந்து போக உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் ஒரு நாள் வராவிட்டால் வெங்காயம் லாரியிலேயே கிடக்கும் இல்லையா, அந்த மாதிரி ஒரு ஆள் அது. அந்தப் புரதம் ஒருவர் ரத்தத்தில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஆன்டிபாடி வேண்டும். இன்றைக்கு அது டப்பாவில் வருகிறது. அன்றைக்கு எங்களுக்கு முயலிலிருந்துதான் வந்தது.

மனிதப் புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து முயலுக்கு ஊசி போடுவோம். முயலின் உடம்பு, யாரடா இவன் என்று அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்துகொள்ளும். மாதக்கணக்கில் ஊசி போட்டுவிட்டு முயலின் காது நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, தெளிந்த சீரத்தைப் பிரித்து வைப்போம். பிறகு, நோன்பு மாதத்தில் பாய் வீடுகளிலிருந்து கடல்பாசி செய்து அனுப்புவார்களே, அதே பாசியைக் காய்ச்சிக் கண்ணாடித் தட்டில் ஊற்றுவோம். ஆறியதும் நடுவில் ஒரு குழி, சுற்றி ஆறு குழி. நடுவில் முயல் சீரம், சுற்றிலும் ஆட்களின் ரத்தச் சீரம். இரண்டும் பாசிக்குள் மெதுவாக ஊர்ந்து வரும். புரதமும் ஆன்டிபாடியும் சந்திக்கிற இடத்தில் மறுநாள் காலை ஒரு வெள்ளைக் கோடு நிற்கும். புரதம் இல்லாத ரத்தமாக இருந்தால் கோடும் இருக்காது.

சுற்றியிருக்கும் ஆறு குழியில் ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீர்தான் விட வேண்டும். அதற்கு எதிரே கோடு வரக் கூடாது. வந்தால் தட்டில் எங்கேயோ தப்பு என்று அர்த்தம். எங்கள் சார் முதல் நாளே சொன்ன விதி அது. அவர் அதிகம் பேசாத மனுஷன். அதனால் அவர் சொன்னது நாலைந்துதான், அதில் ஒன்றைத்தான் நான் மீறினேன்.

முயல்களைப் பார்த்துக்கொண்டவர் வரதன். ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் திருமண் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஊசி போடும் அன்றைக்கு முயலை மடியில் வைத்துக்கொண்டு, "ஜோசபின் மேடம், மெதுவா, மெதுவா. இதுவும் ஒரு ஜீவாத்மாதானே" என்பார். என்னமோ நான் கசாப்புக் கடை நடத்துகிற மாதிரி. எங்களிடம் இருந்த முயல்களில் ஒன்றுதான் நல்ல ஆன்டிபாடி கொடுத்தது. அதற்கு அவர் லட்சுமி என்று பெயர் வைத்திருந்தார். கார்த்திகையில் அதனிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சோதித்தபோது கோடு கத்தியால் கீறின மாதிரி வந்தது. மிச்சத்தை ஒரு குட்டிப் பாட்டிலில் அடைத்து சார் ஃப்ரீசரில் வைத்துப் பூட்டிவிட்டார். மார்கழிக் கடைசியில் பெரிய அளவில் எடுத்தோம்.

அந்த வாரம்தான் செல்வி வந்தாள்.

ஏழு வயசு. அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சைக்கிளின் முன்பக்கம் துண்டை மடித்துப் போட்டு அவளை உட்காரவைத்துக் கூட்டிவந்தார். இறக்கிவிட்டதும் காலை அகட்டி அகட்டி, ஓடுகிற ரயிலில் நடக்கிற மாதிரி நடந்தாள். பிறந்ததிலிருந்தே வயிற்றுப்போக்கு, உடம்பில் சதையே பிடிக்கவில்லை. இப்போது ஆறு மாசமாக விளக்கு வைக்கிற நேரத்தில் சுவரில் போய் முட்டிக்கொள்கிறாள். அவளை அனுப்பிய குழந்தை டாக்டரம்மா போனில் என்னிடம் படபடவென்று பேசினார்.

"ஜோசபின், கவனமாக் கேளு. எனக்கு ரெண்டு சந்தேகம். அந்தக் கொழுப்பு சுமக்கிற புரதம் இவ ரத்தத்துல பிறவியிலேயே இல்லாம இருக்கலாம். அப்படின்னா சாப்பாட்டுல கொழுப்பை நிறுத்தி, வைட்டமின் நிறையக் குடுத்தா கண்ணையும் நடையையும் இதோட நிறுத்திடலாம். புரதம் இருக்குன்னா இது வேற நரம்பு வியாதி. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. கொலஸ்ட்ரால் அளவு குறைவாத்தான் இருக்கு, ஆனா இப்படிச் சாப்பிடாத பிள்ளைக்கு அது குறையத்தான் செய்யும். நீ சொல்றதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

புரிகிறதா பிள்ளைகளே? கோடு இருந்தால் அந்தக் குழந்தைக்கு வழி இல்லை. கோடு இல்லாவிட்டால்தான் வழி.

எனக்கு ஆசை, ஆர்வம், அவசரம். லட்சுமியின் புதுச் சீரத்தை எடுத்தேன். கொஞ்சம் கலங்கலாக இருந்தது, பனிக்காலக் குளிரில் அப்படி இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சுற்றியிருந்த குழிகளில் செல்வியின் சீரத்தை மூன்று அளவில் விட்டேன்: அப்படியே, பாதியாக நீர்த்து, காலாக நீர்த்து. அப்புறம் அவள் அப்பா, அம்மா, கடைசியில் நான். ஆறும் நிறைந்துவிட்டது. உப்புத் தண்ணீருக்கு இடமில்லை. ஒரு நாள் விட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை தட்டை விளக்குக்கு நேரே பிடித்தேன். ஆறு பக்கமும் கோடு. ஆறும் கை கோத்துக்கொண்டு நடுக்குழியைச் சுற்றி நின்றன. எவ்வளவு அழகு தெரியுமா! பனியில் நிலாவைச் சுற்றி ஒரு வட்டம் வருமே, அப்படி. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அழகாக இருந்ததால் சரியாகவும் இருக்கும் என்று நம்பிவிட்டேன். வெளியே செல்வியின் அப்பா ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று நின்றுகொண்டிருந்தார். போனில் டாக்டரம்மா. "இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை."

"இருக்கு டாக்டர்" என்றேன். ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

செல்வியின் அப்பா அதை வாங்கிக்கொண்டு, "இருக்குன்னா நல்லதுதானேம்மா?" என்று கேட்டார். நான் "டாக்டர் சொல்வாங்க" என்றேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் விடிகிற நேரம். கோயில் மணி இன்னும் அடிக்கவில்லை. கண் மூடியும் மூடாமலும் படுத்திருந்தேன். அந்தத் தட்டு கண்முன் வந்தது, ரொம்ப மெதுவாகச் சுற்றியது. எப்படிச் சுற்றினாலும் ஒரே மாதிரி இருந்தது. எந்தக் குழி செல்வியுடையது, எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. சுகமாகத்தான் இருந்தது, தாலாட்டுகிற மாதிரி. திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தேன். தெரியாமல் எப்படி இருக்கும்? காலாக நீர்த்த சீரத்தில் புரதம் குறைச்சல். குறைச்சலான பக்கம் கோடு நகர்ந்து அந்தக் குழிக்குக் கிட்டே போயிருக்க வேண்டும். இது ஒரு இம்மிகூட நகராமல் சுத்த வட்டமாக நிற்கிறது. ஐயோ கர்த்தாவே, என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஓடினேன். புதுத் தட்டு ஊற்றினேன். நடுவில் லட்சுமியின் சீரம், சுற்றி ஆறு குழியிலும் வெறும் உப்புத் தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை. வியாழன் காலை பார்த்தால் அதே வட்டம், அதே அழகு. ஒன்றுமே இல்லாததற்கு எதிரே கோடு.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கலங்கல் இல்லை அது, பால். முயலின் ரத்தத்தில் கொழுப்பு மிதந்தது. நாங்கள் கடையில் வாங்கிக் கழுவிய பாசி அவ்வளவு சுத்தமில்லை. அளவுக்கு மீறிய கொழுப்பு குழியை விட்டு வெளியே வந்ததும் பாசியோடு திரண்டு வெள்ளை வளையமாக நின்றிருக்கிறது. புல் தின்கிற முயலுக்கு இவ்வளவு கொழுப்பு எங்கேயிருந்து வந்தது? வரதன் இரண்டு நாளாக லீவு. பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். காவிரிப் பாலத்தில் ஏறினபோது ஆறு தெரியவில்லை, பாலம் மட்டும் மூட்டத்துக்குள் நீண்டு போனது. இந்த பஸ் அக்கரைக்குப் போகாமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

வரதன் வாசலுக்கு வந்தார். "வாங்கோ மேடம், என்ன இவ்ளோ தூரம்?"

"லட்சுமிக்கு என்ன குடுத்தீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "கேட்டேளா! மார்கழி பிறந்ததுலேர்ந்து நித்யம் ஆத்துத் தளிகையில ஒரு உருண்டை அதுக்குன்னு எடுத்துண்டு வருவேன். பொங்கல்தான், நெய் ஒழுக ஒழுக. அக்காரவடிசிலும் ரெண்டு நாள் குடுத்தேன். பாவம், ஊசியாக் குத்தறேளே, தெம்பு வேண்டாமா? பெருமாள் அமுது செஞ்ச பிரசாதம், ஒரு தோஷமும் வராது."

என்னால் திட்ட முடியவில்லை. ஒரு மாசம் நெய்ப்பொங்கல் தின்ற முயலை உலகத்தில் வேறு எந்த லேபில் பார்க்க முடியும், சொல்லுங்கள்? விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆடிப் போய்விட்டார். "அந்தக் குழந்தைக்கு அபசாரம் பண்ணிட்டேனா அடியேன்?" என்று கண் கலங்கினார். "நீங்க இல்ல வரதன், கையெழுத்து என்னுது" என்றேன்.

இங்கேதான் பிள்ளைகளே, கவனியுங்கள். அன்றைக்குக் காலையிலேயே, அந்த வட்டத்தைப் பார்த்த நிமிஷமே, நான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். "செவ்வாய்க்கிழமை சொன்னதை நம்பாதீங்க" என்று ஒரே வாக்கியம். போன் மேசை மேலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. சரியான பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டே போவோம், வெறும் கையோடு எப்படிப் போவது என்று மனசு சொன்னது. அது மனசு இல்லை, என் கௌரவம்.

சாரிடம் போய்க் கார்த்திகைப் பாட்டிலைக் கேட்டேன். லட்சுமி பொங்கலைக் கண்ணால் பார்ப்பதற்கு முந்தைய சீரம் அது. ஒரே ஒரு தட்டுக்குத்தான் வரும். அவருடைய கட்டுரைக்குக் கடைசிப் படம் எடுக்க அதைத்தான் நம்பியிருந்தார்.

"இது போச்சுன்னா திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார்.

"தெரியும் சார்."

"ரிப்போர்ட்ல யார் கையெழுத்து?"

"என்னுது."

சாவியை மேசை மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தட்டு வைத்தேன். இந்தத் தடவை உப்புத் தண்ணீருக்கு முதல் குழி. அப்புறம் நான், செல்வியின் அம்மா, அப்பா, செல்வி, மறுபடியும் செல்வி. வெள்ளிக்கிழமை காலை விளக்கைப் போடவே பயமாக இருந்தது. போட்டேன். எனக்கு எதிரே கோடு. அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. உப்புத் தண்ணீருக்கு எதிரே ஒன்றுமில்லை. செல்விக்கு எதிரே, இரண்டு குழியிலும், ஒன்றுமில்லை. தெளிந்த பாசி, அதற்குப் பின்னால் என் விரல் ரேகை தெரிகிறது. ஒன்றுமில்லாத ஒரு இடத்தைப் பார்த்து நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். போனே வெடித்துவிடும் போலத் திட்டினார். திட்டி முடித்து, "வீட்டுக்கு உடனே போ. நெய், எண்ணெய், முட்டை எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு. நான் செவ்வாய்க்கிழமை நல்லா ஊட்டமாக் குடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.

பொன்மலை குவார்ட்டர்ஸுக்கு வாடகை சைக்கிளில் மிதித்துப் போனேன். வீட்டு வாசலிலேயே தெரிந்தது. கொடி நிறையக் குழந்தையின் துணி, அலசிக் காயப்போட்டது. உள்ளே செல்வி சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் தட்டில் நெய்ச்சோறு. அவள் அம்மா வாசலுக்கு வந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். என்னுடைய தப்பு என்று சொன்னேன். முயல் கதையைச் சொல்லவில்லை, அதைச் சாக்காகச் சொல்ல வாய் வரவில்லை. குழந்தைக்கு வழி இருக்கிறது என்று சொன்னேன். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா மட்டும் நின்றுகொண்டே கேட்டார். "எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இன்னைக்குக் காலையில."

"தப்புன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்துக் காலையில" என்றேன்.

"நேத்து இவளுக்கு மூணு வேளையும் நெய் ஊத்திப் பிசைஞ்சு, அழ அழ ஊட்டினேன். ராவெல்லாம் துடிச்சா. நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

அவர் வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நான் செருப்பைக் கழற்றாமலே திரும்பினேன்.

சோறு மாறியது, வைட்டமின் சொட்டு ஆரம்பித்தது. மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்க நானே போவேன், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வீட்டில் குழந்தைக்கு இல்லாத நெய் யாருக்குமே இல்லை என்று ஆகியிருந்தது. அப்பா பேசுவார், தண்ணீர் கொடுப்பார். அம்மா அடுப்படியிலேயே இருப்பார். நான் நின்றுகொண்டே ரத்தம் எடுத்து, நின்றுகொண்டே கிளம்புவேன். வயிறு முதலில் சரியானது, அப்புறம் கன்னத்தில் கொஞ்சம் சதை. நடை ஒன்றும் முழுசாகத் திரும்பவில்லை, அதற்குமேல் கெடவில்லை, அவ்வளவுதான். கண் என்னவாகும் என்று டாக்டரம்மாவே சொல்லவில்லை.

வரதன் அதற்கப்புறம் லட்சுமிக்கு அறுகம்புல்லைத் தவிர ஒன்றும் காட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு மாசமும் "குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்காமல் விடமாட்டார். சார் முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் என் கடைசி நாள் வரைக்கும் எந்தத் தட்டிலும் உப்புத் தண்ணீரைத்தான் முதலில் விட்டேன். உங்கள் மிஷினில் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்களோ, அதை விட்டுவிடாதீர்கள். அதை விடவும் முக்கியம், சந்தேகம் வந்த நிமிஷமே போனை எடுங்கள். பதில் அப்புறம் வரட்டும்.

அடுத்த மார்கழியில் ஒரு நாள் எனக்கு வேலை முடிய நேரமாகி, பொன்மலைக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, வீட்டில் இன்னும் விளக்குப் போடவில்லை. எனக்கே வாசற்படி சரியாகத் தெரியவில்லை. செல்வி உள்ளேயிருந்து காலை அகட்டி அகட்டி நடந்து வந்தாள். சுவரில் முட்டவில்லை. என் முன்னால் நின்று, என் கழுத்துப் பக்கம் கையை நீட்டி, "அத்தை, உங்க சங்கிலியில குட்டியா ஒரு சிலுவை இருக்கு" என்றாள்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். பெண்ணைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். சுவரோரம் கிடந்த ஸ்டூலை எடுத்து, ஒருமுறை துடைத்து, எனக்குப் பக்கத்தில் போட்டார்.

"உக்காருங்க" என்றார்.